லோடு மேல் உட்கார்ந்தவர்கள்

எங்கள் வட்டாரத்தில் பழைய லாரிகளைப் பற்றிய பேச்சுக்கு ஓய்வே கிடையாது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும், பட்டறை வாசலிலோ டீக்கடை பெஞ்சிலோ நாலு வயதானவர்கள் கூடினால் போதும். மூக்கு வைத்த ஃபார்கோவும் பெட்ஃபோர்டும் லேலண்ட் காமெட்டும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் 1954இல் சேர்ந்து 1969இல் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வெகுகாலம் எங்கள் ஊரில் டாடா லாரிக்குப் பெயர் பென்ஸ் லாரிதான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை வளைக்கத் தோளில் எவ்வளவு பலம் வேண்டும், தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் எப்படி இறக்கினோம் என்று கதை நீளும். ஜாம்ஷெட்பூரிலிருந்து வெறும் சேஸியை, கேபினும் கதவும் இல்லாமல், ஒரு பலகைப் பெட்டியைச் சீட்டாகப் போட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாடி கட்ட நாமக்கல் வரை ஓட்டி வந்ததைச் சொன்னால், கேட்பவர் முகத்திலேயே காற்று அடிக்கும். கடைசியில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "அப்பெல்லாம் சீட் பெல்ட் ஏது, செக்கிங் ஏது? எல்லாரும் நல்லாத்தான இருந்தோம்."

இந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் காலனிக்காரர்கள். எங்களுக்கும் லாரி ஞாபகம் உண்டு, அதில் சந்தோஷமும் உண்டு. அதை மறைத்துவிட்டு அரசியல் பேசினால் அது பொய்யாகிவிடும். 1990களில் சிறுவர்களாக இருந்த எங்களுக்கு, கரும்பு வெட்டுக்குப் போன பெரியவர்களோடு வெறும் லாரியில் நின்றுகொண்டு ஊர் திரும்புவதைவிடப் பெரிய சவாரி எதுவும் இருக்கவில்லை. கேபினுக்கு மேலே இருக்கும் டாப்பில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். புளியமரக் கிளை வந்தால் யாராவது "குனி" என்று கத்துவார்கள், மொத்தக் கூட்டமும் குனியும். மாரியம்மன் நோம்பிக்கு, பெண் அழைப்புக்கு, இழவுக்கு, எல்லாவற்றுக்கும் லாரிதான். 1991இல் அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்களுக்கு எங்கள் பெரியவர்கள் பக்கவாட்டில் நீலக்கொடி கட்டிய லாரியில் நின்றபடியேதான் போனார்கள். பஸ்ஸில் உட்காரப் போனால் முறைக்கும் ஊரில், லாரியில் நின்றாவது தலை நிமிர்ந்து போனோம் என்று இன்றும் சொல்வார்கள்.

லாரி எங்களுக்கு இன்னொன்றையும் தந்தது. கிளீனராகப் போன எங்கள் சித்தப்பாக்களும் அண்ணன்களும்தான் காலனியிலிருந்து முதலில் வெளியுலகம் பார்த்தவர்கள். விஜயவாடாவிலோ நாக்பூரிலோ ரோட்டோர ஓட்டலில் டிரைவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மாதிரித் தட்டில் சாப்பிட்டார்கள். அங்கே யாரும் தெரு கேட்கவில்லை. அதே கிளீனர் ஊர் திரும்பி, லாரியைக் கழுவி நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனால், அவருக்கென்று ஓரமாக வைத்திருந்த டம்ளர் காத்திருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்த மரியாதை, அரை கிலோமீட்டர் பக்கத்தில் கிடைக்கவில்லை. எங்கள் பெரியப்பா ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "வண்டி ஆந்திரா பார்டரத் தாண்டுனா நானு மனுசன். சங்ககிரி மலை கண்ணுல பட்டா மறுக்காவும் சின்னப் பையன்." அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஆகவே பழைய லாரியை நினைத்து ஏங்குகிறவர்களைக் கேலி செய்வது எங்கள் நோக்கமல்ல. அந்த லாரிக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறோம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் டிரைவர். பக்கத்துச் சீட்டில் முதலாளியோ அவர் சொந்தக்காரரோ. சூடேறிக் கொதிக்கும் இன்ஜின் மூடிமேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு கிளீனர். லோடுமேன்கள் மூட்டைக்கு மேலே. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும்போது சட்டி பானை, ஆட்டுக்குட்டி, கைக்குழந்தை எல்லாமே மேலேதான். கேபினில் சீட் காலியாகக் கிடக்கும். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத எங்கள் அம்மாயிகள் பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். உள்ளே உட்காரச் சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உட்காரலாமா என்று கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை.

சரக்கிலும் தரம் இருந்தது. ஈரோட்டுத் தோல் ஷாப்புக்கும் ஆம்பூர் பக்கத்துக்கும் போகும் பச்சைத் தோல் லோடு, எலும்பு லோடு என்றால் ஆள் கூப்பிட நேராகக் காலனிக்குத்தான் வருவார்கள். உப்புப் போட்ட தோலிலிருந்து வடியும் தண்ணீர் முதுகில் இறங்கும். அதன் வாடை மூன்று நாளைக்குப் போகாது. சுண்ணாம்பு லோடும் சிமெண்ட் லோடும் வேறு விதம். வேர்த்த உடம்பில் சிமெண்ட் தூள் பட்டால் தோல் வெந்துபோகும். கையுறை, காலுறை, முகமூடி எதுவும் கிடையாது. தலையில் கட்டிய துண்டுதான் ஹெல்மெட். மலை ஏற்றத்தில் வண்டி திணறினால் கிளீனர் கீழே குதித்து, கையில் கட்டையோடு பின் டயரை ஒட்டியே ஓட வேண்டும். வண்டி பின்னால் உருளத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருக வேண்டும். பத்து டன் லோடுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்தது ஒரு மரக்கட்டையும் அதைப் பிடித்திருந்த பதினைந்து வயதுப் பையனின் கையும்தான். பழைய கதைகளில் டிரைவரின் சாமர்த்தியம் வரும். இந்தக் கை வருவதில்லை.

அப்போது சட்டம் இல்லை என்பதும் உண்மையல்ல. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரம்பு வைத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. எங்கள் பக்கத்து லாரிகளோ மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று ஓடின. பேப்பரில் பார்த்தால் யாரிடமும் ஐந்து பேர் வேலை செய்யவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். செக்போஸ்ட்டில் அந்த விதிக்கு ஒரு விலை இருந்தது. அளவுக்கு மேல் ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் வாடகை கிடைத்தது, லாபம் ஒரு பக்கம் போனது. அந்த டன்னின் பாரம் எங்கள் ஆட்களின் இடுப்பில் இறங்கியது. பாதுகாப்பு 'தளர்வாக' இருந்தது என்று சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அதில் கணக்கு இருந்தது. யாருக்குச் சீட் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு விபத்து நடந்த பிறகும் முடிவதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் நெல் லோடு மேல் தார்ப்பாயில் படுத்து வந்தபோது, தாழ்ந்த கிளை அடித்துக் கீழே விழுந்து இறந்தார். அவர் இல்லை என்பதே அடுத்த டீக்கடையில் வண்டி நின்றபோதுதான் தெரிந்தது. இழப்பீடு கேட்டுப் போன அந்த அக்காவோடு சுமார் ஏழு வருடம் நாங்கள் அலைந்தோம். லாரி ஓனர், "என் ஆளு இல்லீங்க, மண்டி ஆளு" என்றார். மண்டிக்காரர், "மேஸ்திரி கூட்டிட்டு வந்த ஆளு" என்றார். மேஸ்திரி, "கூலிக்கு அன்னைக்கு மட்டும் வந்தவன்" என்றார். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல், அவர் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணி என்றார்.

"யார் ஆளுடா நீ?" என்பது எங்கள் ஊரில் காலனிப் பையனைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி. பண்ணையத்துக்கு வேண்டுமென்றால் "நம்ம ஆளு" என்று உரிமை கொண்டாடுவார்கள். பிணமாகக் கிடந்தபோது மட்டும் அவர் யாருடைய ஆளும் இல்லை.

சட்டத்தில் இந்தக் கேள்விக்கு இருக்கும் எடை பெரியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் வந்த திருத்தம் சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலும் 2004 ஜனவரியிலும் தீர்ப்புச் சொன்னது. வண்டியின் முதலாளியிடம் வேலை செய்பவர் அந்த வண்டியில் போகும்போது இறந்தால், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படியான பொறுப்பு காப்பீட்டுக்குள் வந்தது. ஆக, ஒரே மூட்டைமேல் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் தொழிலாளி, இன்னொருவர் பயணி ஆகலாம். யார் எது என்று காட்டப் பேப்பர் வேண்டும். மூட்டைக்கு லாரி ரசீது இருந்தது. எங்கள் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கடைசியில் அந்த வழக்கைக் காப்பாற்றியது மேஸ்திரி வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த ஒரு நாற்பது பக்கக் கூலி நோட்டு. அதில் அவர் பெயருக்கு நேரே பல மாதத்துக் கணக்கு, அதே லாரி நம்பரோடு எழுதியிருந்தது. 'அன்றைக்கு மட்டும் வந்தவர்' என்ற வாதம் அதோடு நின்றது.

சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்குகிறது என்பதை அண்ணல் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். ஒரு பழைய லாரியை நிறுத்தி, உட்கார்ந்திருப்பவர்களை இறக்கிப் பார்த்தால் அந்த அடுக்கு அப்படியே தெரியும். ஒரு வித்தியாசம், அடுக்கில் கீழே இருந்தவர்கள் லாரியில் மேலே உட்கார்ந்தார்கள்.

இன்றைக்கு லாரிகள் மாறிவிட்டன. இப்போது தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். டிரைவர்கள் பட்ட வெக்கைக்கு இது தாமதமாக வந்த நியாயம். வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கேபினுக்கு வெளியே இருப்பவர்கள்? விடியற்காலையில் ரோட்டுக்கு வந்து பாருங்கள். கட்டட வேலைக்கும் பூப்பறிக்கவும் போகும் பெண்கள் சின்ன சரக்கு வண்டிகளில் நின்றபடி போகிறார்கள். குப்பை லாரியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி தூய்மைப் பணியாளர்கள் போகிறார்கள். அவர்களை அனுப்புவது உள்ளாட்சி நிர்வாகமே. லாரி மாடல் மாறியிருக்கிறது, லோடு மேல் உட்காரும் தெரு மாறவில்லை.

லோடு ஏற்றி இறக்கும் ஆளுக்குக் கேபினில் சீட் வேண்டும், அல்லது அவர் வந்து போகத் தனி வண்டி வேண்டும். அவர் பெயர் சரக்கு ரசீதோடு எழுதப்பட வேண்டும். குப்பை லாரியில் தொங்கவிடுவதை உள்ளாட்சிகள் இன்றே நிறுத்த வேண்டும். இவை எங்கள் கோரிக்கைகள். இவை வரும் வரைக்கும் காலனித் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறோம். கூலி வாங்கும் ஒவ்வொரு நாளும் தேதி, வண்டி நம்பர், மேஸ்திரி பெயர், கூலித் தொகை நாலையும் எழுதி வையுங்கள். வண்டியை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். விபத்து என்றால் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள். யார் ஆள் என்று கேட்டால் எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.