பாய் விரிக்கலாம், நித்திரை தானாகத்தான் வரும்

தவக்காலம் தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்னமே எங்கட பங்கு இளையோர் வட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்துவிடும். "இந்தமுறை என்ன விடப்போறீங்கள்?" பதில்களும் வரிசையாக வரும். ஒருவர் இறைச்சி என்பார். ஒருவர் சொக்லேட். இன்னொருவர் டிக்டொக். சோதனைக்குப் படிக்கிற ஆரோ ஒருவர் "நித்திரை" என்று எழுதுவார். அதற்குக் கீழே பத்துச் சிரிப்பு விழும்.

பகிடிதான். ஆனால் எங்களில் நிறையப் பேருக்கு அதுதான் உண்மையும். கம்பஸ், பகுதிநேர வேலை, வீட்டு வேலை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எல்லாம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிற ஒரு நாளுக்குள் தவக்காலம் இன்னொரு நேரசூசியாக வந்து ஏறுகிறது. காலை ஐந்து மணிக்குச் செபம், இரவு ஒரு அதிகாரம் வாசிப்பு, வெள்ளி பின்னேரம் சிலுவைப்பாதை. செய்தால் சரி அடையாளம். தவறினால் குற்ற உணர்ச்சி.

பட்டியல் போடுவதை நான் குறை சொல்லவில்லை. செபம், நோன்பு, தர்மம் மூன்றும் ஒழுங்கு இல்லாமல் நடக்காது. ஆனால் திட்டம் என்பது பாய் விரிக்கிற மாதிரி. பாயை விரிக்கலாம், தலையணை போடலாம், விளக்கை அணைக்கலாம். நித்திரை வாறது எங்கட கையில் இல்லை. அருளும் இளைப்பாறுதலும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. எனக்கு அது படத் தொடங்கியது 2022 தவக்காலத்தில்.

அந்தத் தவக்காலம் மார்ச் 2 ஆம் திகதி திருநீற்றுப் புதனோடு தொடங்கியது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. எங்கட பக்கத்துக் கடற்தொழிலாளர் பலர் மண்ணெண்ணெய் இல்லாமல் படகைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தார்கள். மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நாங்கள் எதை விடுவது என்று யோசிக்க முதலே நாடு எங்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இருந்தது. "தபசு காலம் இந்தமுறை எல்லாருக்கும் வந்திட்டுது, வேதக்காரருக்கு மட்டுமில்லை" என்று அம்மம்மா சொன்னா.

அந்தக் கிழமைகளில் மூன்று விசயம் நடந்தது. மூன்றுமே நான் திட்டமிட்டவை இல்லை.

முதலாவது சின்னது. ஒரு புதன்கிழமை மத்தியானம் கம்பஸ் முடிந்து வந்தால் பஸ் இல்லை. வெயில் தாங்காமல் ரோட்டுக்கரைக் கோயிலுக்குள் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். செபிக்கலாம் என்றுதான் நினைத்தேன். செபமாலையின் இரண்டாம் பத்துக் கூட முடியவில்லை, நித்திரையாகிவிட்டேன். எழும்பும்போது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. கோயில் முழுக்கக் கூட்டித் துடைத்திருந்தது. நான் இருந்த வாங்கைச் சுற்றி மட்டும் மண்ணும் தூசும் அப்படியே கிடந்தது. எனக்குப் பக்கத்துக் கதவு காற்றுக்குத் திறந்து விடப்பட்டிருந்தது. வாசலில் தும்புத்தடியோடு இருந்த அம்மா சொன்னா: "நித்திரை கொள்ளுற பிள்ளையை ஏன் எழுப்புவான் எண்டு விட்டிட்டன். இப்ப எழும்பினனீங்கள் தானே, கொஞ்சம் தள்ளுங்கோ."

குழந்தை இயேசுவின் புனித தெரேசா செப நேரத்தில் அடிக்கடி நித்திரையாகி விடுவதைப் பற்றித் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நித்திரை கொள்கிற பிள்ளையையும் விழித்திருக்கிற பிள்ளையைப் போலத்தான் தாய் தகப்பன் விரும்புவார்கள் என்பது அவர் கண்ட ஆறுதல். 1897 இல் சாகும்போது அவருக்கு வயது 24. எங்கட வயதுக்காரி. பழைய ஏற்பாட்டில் எலியா இறைவாக்கினரின் கதையும் இதற்குக் கிட்டத்தான். ஓடிக் களைத்து, "போதும், செத்துப்போகிறேன்" என்று பாலைவனத்தில் ஒரு செடிக்குக் கீழே விழுந்து கிடக்கிறார். வானதூதர் வந்து புத்திமதி எதுவும் சொல்லவில்லை. எழும்பிச் சாப்பிடு என்கிறார். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுக்கிறார். தூதர் திரும்பவும் சாப்பாட்டோடு வருகிறார். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை. இந்த வரிசை எனக்குப் பிடிக்கும். முதலில் நித்திரையும் சாப்பாடும், பிறகு நாற்பது நாள்.

இரண்டாவது, கரண்ட் இல்லாத ஒரு இரவு. லப்டொப்பில் சார்ஜ் இல்லை. போனிலும் இல்லை. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் முற்றத்தில் பாய் போட்டு இருந்தோம். அப்பா ஒரு ஜாம் போத்தலை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, துணித்திரி விட்டு, இருந்த கொஞ்ச மண்ணெண்ணெயில் விளக்கு ஒன்று செய்தார். கை தானாக வேலை செய்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதது பெரிய அதிர்ச்சி. அப்பாவுக்கு இல்லை. 1990 இல் தொடங்கிய போருக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காகக் கரண்டே இருக்கவில்லை. அவருடைய சந்ததி சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படித்து ஓ.எல். எழுதியது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கட வீட்டில் தெரியாத கதை ஒன்று இருந்தது. சுவரில் பெரியப்பாவின் படம் இருக்கிறது. 1995 இடப்பெயர்வில் இல்லாமல் போனவர். அப்பா அவரைப் பற்றிக் கதைக்கமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம். நினைவு நாளுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கு விளக்கைக் கொளுத்தி நடுவில் வைத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே சொன்னார்: "நாங்கள் ரெண்டு பேரும் ஒரு விளக்கிலதான் படிக்கிறது. அண்ணை விளக்கை என்ர பக்கம் தள்ளி விட்டிட்டு, தனக்கு எல்லாம் பாடம் எண்டுவான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒண்டும் பாடமில்லை அவனுக்கு" என்றார்.

அவ்வளவுதான் கதை. அம்மா விசிறிக்கொண்டிருந்த மட்டையை நிற்பாட்டினா. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கரண்ட் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. அந்த நேரம் அவருக்குத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். வெளிச்சம் இருந்திருந்தால் ரீவி இருந்திருக்கும், என்ர கையில் போன் இருந்திருக்கும், அப்பா ஒன்பதரைக்குப் படுத்திருப்பார். 27 வருசமாக அவர் தூக்கிக்கொண்டு திரிந்ததைக் கொஞ்சம் கீழே வைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இளைப்பாறுதல் என்றால் ஓய்வு நாள், சுற்றுலா என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதும் இளைப்பாறுதல்தான்.

மூன்றாவது, ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை. அன்று சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலை வாசிக்க வேண்டியது நான். ஆனால் விடிய வைத்த காஸ் சிலிண்டர் பின்னேரமாகியும் வரிசையை விட்டு நகரவில்லை. ஒருவர் சிலிண்டரோடு நிற்க வேண்டும். நான் நின்றேன். எனக்கு முன்னால் நின்றது ஒரு முஸ்லிம் ஐயா. அந்தக் கிழமைதான் ரமழான் தொடங்கியிருந்தது. அவர் நோன்பு. தண்ணீரும் குடிக்காமல் அந்த வெயிலில் நின்றார். நானும் ஒருசந்தி. இரண்டு பேருக்கும் கதைக்க விசயம் இருந்தது.

தங்கட குடும்பம் 90 இல் வெளிக்கிட்டது என்றார். புத்தளத்தில் வளர்ந்தவர். போர் முடிந்து திரும்பி வந்து கடை போட்டிருக்கிறார். "வெளிக்கிட்டது" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, ஊர் பேர் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். எனக்குப் பதில் ஒன்றும் வரவில்லை. பதில் சொல்லக்கூடிய விசயமும் இல்லை அது.

ஆறரை மணிக்குக் கிட்ட அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே நாலு பேரீச்சம்பழம். ஒன்றைத் தான் வாயில் போட முதல் மற்றதை என்னிடம் நீட்டினார். "பிடியுங்கோ தங்கச்சி. நீங்களும் நோன்பெல்லோ." எங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று போனது. அந்த நேரம் கோயிலில் ஆரோ எனக்காக ஐந்தாம் நிலையை வாசித்திருப்பார்கள்.

ஐந்தாம் நிலை சீரேன் ஊர் சீமோனின் நிலை. அவரைப் பற்றி நற்செய்தியில் இருப்பது ஒன்றிரண்டு வரிதான். வயலில் இருந்து வந்துகொண்டிருந்தவர். அந்த வழியால் போனவர். படைவீரர் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். அவர் நேர்ச்சை வைக்கவில்லை, நோன்பு பிடிக்கவில்லை, எதையும் விடுவதாகத் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட ஒரு மனிசன். இயேசுவோடு கூடவே இருந்து திட்டமெல்லாம் போட்ட பேதுரு அன்று அந்த வழியில் இல்லை. மாற்கு நற்செய்தியில் சீமோனின் இரண்டு பிள்ளைகளின் பேரும் இருக்கிறது, அலெக்சாந்தர், ரூபு என்று. வாசிப்பவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும் என்பதால்தான் எழுதியிருப்பார் என்று சொல்வார்கள். தற்செயலாக மாட்டிய ஒரு பின்னேரம் ஒரு வீட்டையே மாற்றியிருக்கிறது போல.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மின்வெட்டு அருள் இல்லை. காஸ் வரிசை அருள் இல்லை. அந்த மார்ச் மாதத்திலேயே எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் செத்த செய்தி வந்தது. ஆட்சியில் இருந்தவர்களின் பிழைக்கு மக்கள் கொடுத்த விலை அது. அதற்குப் பக்திச் சாயம் பூசினால் அது பாவம். சீமோனுக்கும் அப்படித்தான், அவரைப் பிடித்தது உரோமப் படையின் அடாவடி. அடாவடி புனிதமாகிவிடவில்லை. ஆனால் அதற்குள்ளேயும் ஒருவரின் பாரத்தை இன்னொருவர் தூக்கினார். விளக்கைத் தள்ளி வைத்த பெரியப்பாவும், வாங்கைச் சுற்றிக் கூட்டாமல் விட்ட அம்மாவும், பேரீச்சம்பழம் நீட்டிய ஐயாவும் செய்தது அதைத்தான். அருள் என்று நான் சொல்வது அதை.

திருச்சபையின் நாட்காட்டியைப் பார்த்தாலும் இதற்கு இடம் விட்டிருப்பது தெரியும். திருநீற்றுப் புதனில் இருந்து பெரிய சனி வரைக்கும் எண்ணிப் பாருங்கோ, 46 நாள் வரும். நாற்பது எங்கே என்றால், ஆறு ஞாயிறையும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள், அதில் நோன்பு இல்லை. நாலாம் ஞாயிறில் ஊதா உடுப்புக்குப் பதிலாக ரோசா நிற உடுப்புப் போடலாம், அதற்குப் பேரே மகிழ்ச்சி ஞாயிறு. மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள் பெரும்பாலும் தவக்காலத்துக்கு நடுவில்தான் விழும். 2022 இல் அது ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. பெருவிழா என்றபடியால் அந்த வெள்ளிக்கு இறைச்சி விடுகிற கட்டாயமும் இல்லை. தவக்காலம் தன்னைத் தானே இடைக்கிடை நிற்பாட்டி மூச்சு விடுகிறது. நாங்கள்தான் இடைவெளி விடாமல் அதை நிரப்புகிறோம்.

இப்போது நான் தவக்காலத்துக்கு ஒரே ஒரு விசயம்தான் எடுக்கிறேன். அதோடு கிழமையில் ஒரு பின்னேரத்துக்குப் பேர் வைப்பதில்லை. அது தியான நேரமும் இல்லை, வாசிப்பு நேரமும் இல்லை. சும்மா விறாந்தையில் இருப்பேன். போன் உள்ளே கிடக்கும். அநேகமாக ஒன்றும் நடக்காது. நுளம்பு கடிக்கும். சில நாள் அம்மம்மா வந்து பக்கத்தில் இருந்து ஏற்கெனவே சொன்ன கதையையே திரும்பச் சொல்லுவா. சில நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கணக்கோடு வந்து நிற்கும்.

உங்களுக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன். எதையாவது விடுங்கோ, நல்லது. செபியுங்கோ, குடுங்கோ. ஆனால் நாற்பது நாளில் ஒரு பின்னேரத்தையாவது ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விடுங்கோ. அதுக்குள்ள ஆர் வருவினம், என்ன நடக்கும் எண்டு கேக்காதேங்கோ. முதலே தெரிஞ்சால் அது உங்கட பட்டியல்ல இன்னொண்டுதான்.