வடநெம்மேலியின் இருளர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது வடநெம்மேலி. முதலைப் பண்ணையைப் பார்க்க இறங்குகிறவர்கள்தான் அதிகம். அதே வளாகத்தில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு போகிறது.

செங்கல்பட்டுச் சீமையின் புதர்க்காடுகளையும் ஏரிக்கரைகளையும் அறிந்த இருளர் பழங்குடியினர் ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. பாம்புகள் பிழைத்தன, பிடித்தவர்கள் வீட்டில் அடுப்பெரியவில்லை. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978இல் தொடங்கிய சங்கம் அதற்கொரு வழி கண்டது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கைத்தான் பிடிக்கிறார்கள், அதுவும் அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள். மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிச் சில வாரம் வைத்திருப்பார்கள். நான்கு முறை நஞ்சு எடுத்தபின் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி அகப்பட்டால் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் தந்தது உரிமம் மட்டுமே. மற்றதெல்லாம் தலைமுறைகளாகப் பழகிய கண். வளைவாயில் பதிந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, எச்சம் ஆகியவற்றை வைத்தே உள்ளே இருப்பது எதுவென்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு கடப்பாரைக்கு வேலை. சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டது இந்தக் கண்ணுக்காகத்தான். அங்கே பெருகி, உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தண்டரை என்ற ஊரில் இருளர் பெண்கள் இந்த அறிவின் இன்னொரு பக்கத்தைக் காக்கிறார்கள். 1986இல் உருவான இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைகளையும் நாட்டு மரக்கன்றுகளையும் வளர்க்கிறது. பாட்டிமார் சொல்லிவைத்த மருந்துகளைச் செய்து விற்கிறது.

மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரை இருளர்களின் ஊராகிவிடும். பல மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் சேலைகளை மறைப்பாகக் கட்டித் தங்குகின்றன. மணலில் படிகள் அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். விடியற்காலையில் அங்கேயே கல்யாணங்கள் நடக்கின்றன. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வடநெம்மேலிச் சங்கத்தின் உறுப்பினர்கள் சில நூறு பேர்தான். காட்டை இவ்வளவு அறிந்த மற்றக் குடும்பங்களுக்கும் அந்த அறிவால் சோறு கிடைக்க, இதுபோன்ற சங்கங்கள் இன்னும் பல வேண்டும்.