இரண்டு சனி ஞாயிறுகளுக்கு இடையே

நம் கல்லூரியிற் கற்றவர்கள் இன்று பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். அதனால் நம்மவர் வீட்டுக் கலியாணங்களும் பல நாடுகளுக்கு உரியவையாகிவிட்டன. முன்னர் யாழ்ப்பாணத்திலே ஒரு சம்பந்தம் நிச்சயமானால், சோதிடர் பஞ்சாங்கத்தை விரித்து நாள் குறிப்பார். அந்நாள் புதனாயிருந்தாலென்ன, வெள்ளியாயிருந்தாலென்ன, ஊரும் உறவும் கூடிவிடும். இப்பொழுதோ சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் முதலிற் சனி ஞாயிறுகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, “இவற்றுள் எது நல்லது?” என்று சோதிடரைக் கேட்கின்றனர். கிரகங்களிலும் மண்டபம் வலியதாகிவிட்டது. இதனைக் குறையாகச் சொல்கின்றேனல்லேன். வாரத்தில் ஐந்து நாளும் தொழில் செய்பவர் வேறென் செய்வார்? ஆயினும் தூரத்திலிருந்து புறப்படும் கிழவன் ஒருவனுக்கு இவ்வழக்கத்தால் உண்டாகும் சிக்கலும் உண்டு. அத்தகைய சிக்கலொன்றை அவிழ்த்த கதையே இக்கட்டுரை.

2025ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. என் தங்கையின் பேரனுக்குச் சிங்கப்பூரிலே யூன் 7ஆம் திகதி சனிக்கிழமை கலியாணம். கல்லூரி விடுதிச்சாலையில் என்னோடு ஒரே அறையில் வாழ்ந்த நண்பரின் பேத்திக்குக் கோலாலம்பூரிலே யூன் 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை கலியாணம். முதலாவது இரத்த உறவு, தட்ட முடியாது. இரண்டாவதைத் தட்ட மனம் இடந்தரவில்லை.

அந்நண்பரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மலாயாவிற் பிறந்து, கல்விக்காக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுள் அவரும் ஒருவர். தந்தையார் மலாயாப் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். விடுதியில் விளக்கணைந்த பின் ஊர் நினைவு வந்துவிட்டால், நண்பர் தம் பாதையிலுள்ள நிலையங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்குவார்: தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ, பத்து காஜா, கம்பார், தாப்பா ரோடு. ஒன்றுகூடத் தவறாது. 1957 ஓகஸ்ட் 31ஆம் திகதி மலாயா சுதந்திரம் பெற்ற இரவில் அவ்வரிசையை இருமுறை சொன்னார், ஒருவரும் அதட்டவில்லை. 1961இல் அவர் ஊர் திரும்பினார். அதன் பின் நாங்கள் சந்தித்த தடவைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அக்காலத்தில் அவருடைய தந்தையார் சிங்கப்பூருக்கு மாற்றலாகிச் சென்றதும், பின்னர் பேராக்குக்கு மீண்டதும் ஒரே பகுதிக்குள் நிகழ்ந்த இடமாற்றங்களே. 1965 ஓகஸ்ட் 9ஆம் திகதி சிங்கப்பூர் தனி நாடாயிற்று. நாடு இரண்டான பின்னரும் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம்வரை புகையிரதம் ஓடிக்கொண்டிருந்தது. 2011 யூன் 30ஆம் திகதியோடு அதுவும் நின்றது. ஆகவே என் பயணம் இரு நாட்டுப் பயணமாக அமையவேண்டியதாயிற்று. இரண்டு குடிவரவு வாயில்கள், இரண்டு நாணயங்கள், இரண்டு நாடுகளுக்கும் வெவ்வேறு பத்திரங்கள்.

கனடாவிலிருக்கும் என் மகன் செய்தி கேட்டவுடன் ஒரு நிகழ்ச்சித் திட்டம் தயாரித்து அனுப்பினான். இரு கலியாணங்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒன்றையேனும் அவன் வெறுமையாக விடவில்லை. ஞாயிறு ஜொகூர், திங்கள் மலாக்கா, செவ்வாய் கெந்திங், புதனும் வியாழனும் பினாங்கு, வெள்ளி மீண்டும் கோலாலம்பூர். பெட்டியில் உடுப்பு அடுக்கினாற்போல நாட்களை அடுக்கியிருந்தான். பிள்ளையின் அன்பு விளங்கிற்று. என் முழங்காலின் நிலை அவனுக்கு விளங்கவில்லை.

நான் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி, சிவப்புப் பென்சிலால் இரண்டு நாட்களை வட்டமிட்டேன். பின்னர் தைப்பிங்கிலுள்ள நண்பருக்குத் தொலைபேசியில் அழைத்து, கலியாணத்துக்கு எப்பொழுது கோலாலம்பூர் செல்கின்றார் என வினவினேன். சிறிது நேரம் மௌனம். பின்பு, “மச்சான், நான் போவது நிச்சயமில்லை” என்றார்.

அவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து இரண்டாண்டுகள் ஆகிவிட்டன. செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் இரத்தச் சுத்திகரிப்பு; ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சனிக்கும் செவ்வாய்க்கும் இடையில் இரண்டு முழு நாட்கள் உடலில் நீரும் கழிவும் சேர்வதால், அதுவே இந்நோயாளருக்கு வாரத்திற் கடினமான இடைவெளி. கலியாணத்துக்காகச் சனிக்கிழமை முறையை விட்டால், வியாழனிலிருந்து செவ்வாய்வரை ஐந்து நாள் இடைவெளியாகும். வைத்தியர் அதற்கு இணங்கார். சனிக்கிழமை தைப்பிங்கில் முறையை முடித்துக்கொண்டு அன்றே புறப்படலாமெனின், இயந்திரத்திலிருந்து எழுந்தவருக்கு நடக்கவே பலமிருப்பதில்லை. மகன் மணமகளின் தந்தை. கோலாலம்பூரில் ஆயிரம் வேலை. உடனிருக்கும் மகள் ஆசிரியை. வெள்ளி பிற்பகல்வரை பாடசாலை. ஆகவே பேத்தியின் கலியாணத்தைத் தைப்பிங்கிலிருந்தே கைத்தொலைபேசியிற் பார்ப்பதென்று வீட்டார் ஏறக்குறைய முடிவு செய்திருந்தனர்.

அன்றிரவு நாட்காட்டியில் மேலும் மூன்று வட்டங்களை இட்டேன்: 10, 12, 14. எனக்குரிய இரண்டு நாட்களினும் இவை மூன்றும் அசையாதவை. மண்டபக்காரருக்கு முன்பணம் திருப்பிக் கொடுத்தால் கலியாணத்தைக்கூடப் பின்போடலாம். சிறுநீரகத்தோடு பேரம் பேச இயலாது. மகனின் திட்டத்தை மடித்து வைத்துவிட்டு, இவ்வைந்து வட்டங்களையுங்கொண்டு பயணத்தைப் புதிதாக வகுத்தேன்.

பயணச்சீட்டு எளிதிலே தீர்ந்தது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சென்று, கோலாலம்பூரிலிருந்து திரும்புவதாக ஒரே சீட்டில் எடுக்கலாம். போன வழியே திரும்பவேண்டுமென்று எண்ணி, ஒரு நாளையும் ஒரு விமானக் கட்டணத்தையும் வீணாக்குவோரைப் பலமுறை கண்டிருக்கின்றேன். விசா விடயத்திலே கவனம் வேண்டியிருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூருக்குச் சிறிது கால விருந்தினராகச் செல்ல விசா வேண்டுவதில்லை. எனக்குக் கிடைத்த மலேசிய விசாவோ ஒருமுறை நுழைவதற்கே உரியது. சிங்கப்பூரில் இறங்கியபின், “பாலத்துக்கு அப்பால்தானே, ஜொகூர் பாருவுக்கு ஒரு நடை போய் வருவோம்” என்று உறவினர் அழைத்தனர். போயிருந்தால் அவ்வொரு நுழைவும் சாமான் வாங்குவதிற் செலவாகி, தைப்பிங் எனக்குத் தூரமாகியிருக்கும். அன்றியும் யூன் மாதம் சிங்கப்பூரிற் பாடசாலை விடுமுறைக் காலம். 7ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாளும் கூடிற்று. அத்தகைய நாட்களில் அப்பாலத்திலே வாகனங்கள் மணிக்கணக்காய் நிற்கும்.

ஜொகூர் என்றதும் ஒரு சிறு செய்தி நினைவுக்கு வருகின்றது. சனி ஞாயிறு எங்கும் ஒன்றல்ல. அம்மாநிலத்தில் 2014 முதல் 2024 முடியும்வரை வெள்ளியும் சனியுமே ஓய்வு நாட்கள். என் உறவினர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை, மனைவிக்கு ஜொகூரில் அரசாங்க உத்தியோகம். பதினோராண்டாய் அவ்விருவருக்கும் பொதுவாய்க் கிடைத்த ஓய்வு நாள் சனி ஒன்றே. 2025 சனவரி 1ஆம் திகதி முதல் அங்கும் சனி ஞாயிறு வந்துவிட்டது. கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களிற் பழைய வழக்கமே தொடர்கின்றது. அப்பக்கத்தில் கலியாணம் வைப்போர் இதனை மறக்கலாகாது.

இரு நாடுகளுக்கும் வருகைப் பத்திரத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். அதுவும் சென்று சேரும் நாளுக்கு மூன்று நாட்களுக்குள்ளேதான் நிரப்பலாம். எதனையும் பதினைந்து நாள் முன்னதாக முடித்துவைக்கும் பழைய ஆசிரியனுக்கு இது பெருஞ்சோதனை. மலேசியப் பத்திரத்தை 7ஆம் திகதி கலியாண மண்டபத்திலே, தவில் முழங்க, தங்கையின் மற்றொரு பேத்தி தன் கைத்தொலைபேசியில் நிரப்பித் தந்தாள். “தாத்தா, எத்தனை நாள் தங்குவீர்கள்?” என்று அவள் காதருகே கத்திக் கேட்டது வீடியோவிலும் பதிவாகியிருக்கின்றதாம்.

சிங்கப்பூரில் இரண்டு நாள் முன்னதாகவே இறங்கியிருந்தேன். அங்கே நேரம் நம் நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. எண்பதைக் கடந்த உடம்பு அதற்கு இணங்க ஓரிரவேனும் வேண்டும். கலியாணம் இனிதே நிறைவேறிற்று. திங்கட்கிழமை விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கோலாலம்பூர். இரவை பிரிக்பீல்ட்சிற் கழித்தேன். ஒரு காலத்திற் புகையிரதப் பகுதியாருக்கும் நம் யாழ்ப்பாணத்தாருக்கும் உறைவிடமாயிருந்த அவ்விடம், நிலையத்துக்கு அயலிலேயே உள்ளது. செவ்வாய்க்கிழமை மின்சாரப் புகையிரதத்தில் மூன்று மணிக்கு மேற்பட்ட பயணம். நான் வீட்டை அடைந்தபோது நண்பர் சுத்திகரிப்பு முடிந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவேண்டாமென்று சொல்லி, கட்டிலருகே அமர்ந்திருந்தேன். விடுதியில் என்னிலும் ஓரடி உயர்ந்து நின்றவர் போர்வைக்குள் ஒரு சிறுபிள்ளை அளவினராய்க் கிடந்தார்.

புதன்கிழமைக்கு நான் எவ்வித ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. அது பேசுவதற்கென விட்ட நாள். காலையில் ஏரிப் பூங்காவுக்குச் சென்றோம். ஈயம் தோண்டிய பள்ளங்களையே ஏரிகளாக்கி 1880இல் அமைத்த பூங்கா அது. கரையிலுள்ள முதுமரங்கள் வீதியைக் கடந்து கிளைகளை நீரின்மேல் தாழ்த்தி நிற்கின்றன. மலாயாவின் முதற் புகையிரதப் பாதையும் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் திறக்கப்பட்டதேயென்பதை நண்பர் எனக்கு நூறாவது முறையாகச் சொன்னார். அவ்வேளையிற் கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை அவருக்கு இடந்தர இசைந்திருந்த சுத்திகரிப்பு நிலையத்தார், ஈரல் அழற்சிக்கும் எச்.ஐ.விக்கும் செய்த இரத்தப் பரிசோதனை அறிக்கை காலங்கடந்தது, புதியது வேண்டுமென்றனர். அவர்கள் கேட்டதில் நியாயமுண்டு. ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் அயல் ஊரிலிருந்து வருபவரை அவ்வாறே ஏற்க முடியாது.

அந்த நாளிற் பினாங்குக்குப் போவதாய் ஏற்பாடிருந்தால் காரியம் கெட்டிருக்கும். நாள் வெறுமையாய்க் கிடந்தமையால், ஏரிக்கரையிலிருந்தே பரிசோதனைக் கூடத்துக்குச் சென்று இரத்தம் கொடுத்தோம். வியாழன் காலை அவர் வழமையான முறைக்குச் சென்றார். நான் வெளியே வாங்கில் அமர்ந்திருந்தேன். மாலையில் அறிக்கை வந்தது. ஆசிரியையாகிய மகள் அதனை உடனே கோலாலம்பூருக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் தொலைபேசியை விட்டகலாதிருந்து, “சரி” என்ற பதிலைப் பெற்ற பின்னரே எழுந்து எமக்குச் சோறு பரிமாறினாள்.

வெள்ளிக்கிழமை மாலைப் புகையிரதங்கள் வீடு திரும்புவோரால் நிறைந்துவிடும் என்பதால், முற்பகல் வண்டிக்கு முன்னரே இடம் பதிவு செய்திருந்தேன். சன்னலோரம் அவருக்கு. நாள் முழுவதுக்கும் அவருக்கு அளந்து விடப்பட்ட தண்ணீர் ஒரு சிறு போத்தல். அதன் மூடியில் ஊற்றி நாவை நனைத்துக்கொள்வார். கோலகங்சார் கழிந்தது, ஈப்போவில் வண்டி சற்று நின்றது. அதன் பின் அவர் ஒன்றும் பேசாது வெளியே பார்த்திருந்தார். கம்பாரைக் கடந்ததும் என் கையைப் பிடித்தார். தாப்பா ரோடு நிலையம் ஒரு கணத்தில் வந்து மறைந்தது. அதற்கருகே இருந்த உத்தியோக விடுதியொன்றிலேதான் அவர் பிறந்தார். இப்பொழுது அங்கு புதுக் கட்டிடங்கள். “சொல்லு” என்றேன். நிலைய வரிசையைத் தைப்பிங்கிலிருந்து தொடங்கிச் சொன்னார். ஒன்றுகூடத் தவறவில்லை.

சனிக்கிழமை முறை எவ்வித இடையூறுமின்றி முடிந்தது. ஞாயிறு காலை அவர் வேட்டியும் சால்வையுமாய் மணவறையின் முன்வரிசையில் இருந்தார். நீண்ட இடைவெளியின் முதல் நாள் அது. இளநீரும் வாழைப்பழமும் அவருக்கு விலக்கு. அறுகரிசி இடும் முறை வந்தபோது மகன் கைத்தாங்கலாய் எழுப்ப முற்பட்டார். அவர் அக்கையை விலக்கி, தாமே எழுந்து, நான்கு அடி நடந்து, பேத்தியின் தலையில் அறுகரிசி இட்டார். பெண் அழுதாள், மணவறையிற் கண் நனையாதிருந்தவர் ஐயர் ஒருவரே, அவருக்கு அடுத்த கலியாணத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அவரும் மகளும் தைப்பிங் திரும்பினர், மறுநாள் செவ்வாய். அன்றிரவு எனக்கு விமானம். நிலையத்திலே படிக்கட்டுக்கு அருகில் விடைபெற்றோம். இருவரும் “இனி எப்பொழுது?” என்று கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி நகர்ந்தபின் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “மச்சான், இளைய பேத்திக்கும் பேசுகிறார்கள். புதன்கிழமையாய்ப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாட்காட்டியைக் கழற்றி வை.”