அம்பிட்டியவில் ஓர் அலுமினிய உலை

பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டு நிறுவிய குருமடத்தினால் பெயர்பெற்ற அம்பிட்டியவில், பிரதான வீதியிலிருந்து சரிவாக இறங்கும் ஒரு பக்கப் பாதையின் முடிவில், தகரக் கூரையின் கீழ் ஒரு சிறு வார்ப்புப் பட்டறை இயங்குகிறது. பழைய வாகனங்களின் பிஸ்டன்களும் எஞ்சின் உறைகளும் சக்கரங்களும் அங்கே மூசையில் உருகி, ஆலைகளுக்கு வேண்டிய கப்பிகளாக மறுபிறவி எடுக்கின்றன.

நான் போயிருந்த வேளையில் மூத்த தொழிலாளி, நடுவிலுள்ள தடித்த குடத்தருகே பிளந்துபோன ஒரு கப்பியைக் கையிலெடுத்து, "மெலிஞ்ச எடம் ஒடையாதுங்க ஐயா, தடிச்ச எடந்தான் பட்டுன்னு போயிரும்" என்றார். முறிந்த முகத்தில் பருமனான மணிகள் பளபளத்தன; விளிம்பிலோ முகம் நுண்மையாய், சாம்பல் நிறப் பட்டுத் துணிபோல் இருந்தது. இதனாலேயே அவர் குடத்தை ஒட்டி மணலில் இரும்புக் கட்டியைப் பதித்து, உலோகத்தை விரைவில் குளிரச் செய்கிறார். உலோகவியல் நூல்கள் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நிறுவிய உண்மையை இம்மனிதர் வெறுங்கண்ணால், அனுபவ பலத்தினால் மட்டுமே கண்டுகொண்டார் என்பது எனக்குப் பெரும் வியப்பையும் மரியாதையையும் உண்டாக்கிற்று.

அவ்வுண்மை இது: 660 பாகை செல்சியஸில் உருகும் அலுமினியத்தோடு நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு சிலிக்கன் சேருமாயின், அக்கலவை 577 பாகை வரை திரவமாகவே நின்று, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தாராளமாக ஓடும். ஆனால் மெதுவாகக் குளிருங்கால் சிலிக்கன் கூரிய தகடுகளாக உறைவதால், அத்தகடுகளின் விளிம்பே வெடிப்புக்கு வழிகாட்டி, வார்ப்பை நொறுங்கும் சுபாவமுடையதாக்கிவிடுகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அலதார் பாட்ஸ் என்னும் இரசாயன நிபுணர், சோடியம் புளோரைட்டுச் சேர்ந்த உப்பை உருகிய கலவையில் இட்டு இக்குறையைப் போக்கும் முறைக்கு 1920இல் காப்புரிமை கோரினார். நூற்றில் ஒரு பங்கின் நூற்றிலொரு பாகமே சோடியம் உலோகத்தில் தங்கினும், சிலிக்கன் தகடு நீங்கி நுண்ணிய நார்களாக உறைய, நீளும் தன்மை பன்மடங்காகிறது. சோடியம் மூசையில் விரைவிலேயே எரிந்தும் ஆவியாகியும் போவதால், நெடுநேரம் நிலைக்கும் ஸ்ட்ரோன்சியத்தைத் தாய்க்கலவையாகச் சேர்ப்பதே இன்று பெருவழக்கு.

பழைய சாமான்களை நம்பி வாழும் பட்டறையில் இதற்கு ஒரு தடை உண்டு. நான் அவரிடம் ஆவலோடு பேசியதும் அதுபற்றியே. சிலிக்கன் மிகுந்த பிஸ்டன்களில், பருத்த பளிங்குகளைச் சிறிதாக்கும் பொருட்டுப் பொசுபரசு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருத்தல் கூடும். அப்பொசுபரசு ஸ்ட்ரோன்சியத்தோடு இணைந்து அதன் குணத்தைக் கெடுத்துவிடும். சக்கரங்களோ, பெரும்பாலும் ஸ்ட்ரோன்சியம் ஊட்டப்பெற்றே வருபவை. இரண்டையும் ஒரே மூசையில் இடும்போது, தொழிற்சாலை செய்த நன்மையைப் பட்டறை அறியாமலே அழித்துவிடுகிறது. இரும்பும் ஒரு சத்துரு: பூச்சில்லாத அகப்பையால் கிளறக் கிளற அது கரைந்தேறி, முறிவுக்கு இடமளிக்கும் ஊசிகளாக உறையும். சுண்ணாம்புப் பூச்சு அதற்குப் போதிய காப்பு. பேராதனைப் பொறியியற் பீடத்தின் ஞானம் இத்தகைய உலைகளின் வாயிலுக்கும் வரவேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

அனைத்தையும் பொறுமையாகக் கேட்ட அவர், கசடு வழித்துக்கொண்டிருந்த இளைஞனை அழைத்து, "தம்பி, பிஸ்டன வேற குவியலாப் போடு, சக்கரத்தோட கலக்காத" என்று சொல்லிவிட்டு, அகப்பைக்குப் பூசுவதற்குச் சுண்ணாம்பு கரைக்கத் தொடங்கினார்.