ரெண்டாவது லாரி

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் பலாப்பழ வாசனை முதலில் வரும். பின்னாலேயே மாமா வருவார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் நான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மா பிறந்த ஊர் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மாமாவுக்கு வீடு அங்கே. நிலம் மட்டும் காடாம்புலியூர் பக்கம், செம்மண் மேட்டில். மூன்று ஏக்கர் முந்திரி, வேலி ஓரமாகப் பதினோரு பலா மரம். பலா எல்லாம் மாமாவின் தாத்தா வைத்தது.

பஸ் கூரையில் சாக்குக் கட்டி இரண்டு பழம் கொண்டு வருவார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்து அறுப்பார். எங்கள் வட்டத்தில் அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் சுளை போகும். திருநெல்வேலிக்காரர், மலையாளத்து டீச்சர், ஆந்திராவிலிருந்து வந்த சார் என்று எல்லோருக்கும் மாமா 'பலாப்பழ மாமா'தான். அம்மா டிபன் சாப்பிடச் சொன்னால், "வவுறு ரொம்பி இருக்கு" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் அவர் எதையும் வாங்கிக்கொண்டு போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. கொடுத்தே பழகிய கை அது.

2011-ம் வருடம் டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 'தானே' புயல் கரையைக் கடந்தது. பெயர் வைத்தது மியான்மர் நாடு. அவர்கள் மொழியில் என்ன அர்த்தமோ, நம் ஊரில், "தானே வந்துச்சு, தானே போச்சு. நாம மட்டும் தானா எழுந்திரிக்கணும்" என்று மாமா பிற்பாடு சொன்னார். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தும், பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மெழுகுவர்த்திக்கு அடிதடி.

நான் அப்போது சென்னையில் இருந்தேன். நான்கு நாள் மாமாவுக்கு போன் போட்டு, நான்கு நாளும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. ஐந்தாம் நாள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். இரண்டே நாளில் கார் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது. அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி, பிஸ்கட், துணி மூட்டைகள். ஒரு சின்ன லாரி பிடித்து நானும் ஐந்து நண்பர்களும் கிளம்பினோம். உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பண்ருட்டியைத் தாண்டியதும் பேச்சு நின்றுபோனது. சின்ன வயதில் அந்த ரோட்டில் பஸ்ஸில் வந்தால் இரண்டு பக்கமும் பச்சையாக இருட்டிக்கொண்டு வரும். இப்போது வெயில் அடித்தது. முந்திரிக் காடு முழுவதும் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

லாரியை நிறுத்தியதுமே கூட்டம் சேர்ந்தது. வரிசையில் நிற்கச் சொன்னோம். மூட்டையைப் பிரித்தால், ஒரு டை. குழந்தையின் பிறந்த நாள் கவுன், ஜிப் போனது. சாயம்போன பட்டுப் புடவை. ஒற்றைக் கால் ஷூ. 2004 சுனாமியின்போது கடலூர்க் கடற்கரையோரம் யாரும் எடுக்காமல் மலை மலையாகக் கிடந்த பழந்துணிகள் எனக்கு ஞாபகம் வந்தன. ஏழு வருடத்தில் நாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். வரிசையில் இல்லை. தள்ளி ஒரு சாய்ந்த கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் கையைப் பிடித்தேன். "வா மாப்ள" என்றார். நான் லாரியிலிருந்து ஒரு பை எடுத்து வந்து, ஐந்து கிலோ அரிசியும் போர்வையும் இருந்தது, அவர் கையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் கேமராவைத் தூக்கினான். "சார், இப்படிப் பாருங்க."

மாமா பார்த்தார். கிளிக்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்தப் பையை அவர் பத்து அடி நடந்து, வரிசையின் கடைசியில் நின்ற ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பதினோரு பலாவில் ஒன்பது கீழே.

"மொதல்ல வாடையில இருந்து அடிச்சுது. எல்லா மரமும் தெக்க பாத்து சாஞ்சு நின்னுச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் காத்தே இல்ல. சரி, முடிஞ்சுது சாமின்னு நெனச்சோம். திரும்ப தெக்க இருந்து அடிச்சுது பாரு... ஆணியப் புடுங்க இப்படியும் அப்படியும் ஆட்டுவோம்ல, அந்த மாதிரி."

புயலின் கண் என்று படித்திருக்கிறோமே, அதுதான் அந்தக் கொஞ்ச நேர அமைதி. புயல் கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது, கண் கடக்கிற வழியில் இருக்கிற ஊருக்கு முதலில் வடக்கிலிருந்து காற்று வரும். கண் தாண்டியதும் தெற்கிலிருந்து வரும். முதல் காற்று வேரைத் தளர்த்தும். இரண்டாவது காற்று சாய்க்கும்.

அதுவும் என்ன நேரம்! தையில் முந்திரி பூப்பெடுக்கும். பங்குனியிலிருந்து கொட்டை விழ ஆரம்பிக்கும். பூவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மரமே போயிற்று. ஒரு வருட வருமானம் போனது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இனி வரப்போகிற பல வருடங்களும் சேர்ந்து போயின.

வியாபாரிகள் அதற்குள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். பண்ருட்டிப் பலா என்றால் மிருதங்கத்துக்கும் வீணைக்கும் தேடி வந்து வாங்குவார்கள். ஆனால் ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது யார் விலை கொடுப்பார்? விறகு விலைக்குக் கேட்டார்களாம். "பொங்கலுக்கு இந்த வருசம் வெறகுக்குப் பஞ்சமில்ல மாப்ள" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பையை வாங்கிக்கொண்ட அந்த அக்காவும் பின்னாலேயே வந்திருந்தார். இருபது வருடமாக மாமா நிலத்தில் கொட்டை பொறுக்குகிறவர். மற்ற மாதங்களில் கொட்டை உடைக்கப் போவார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கை கறுத்துப் போயிருந்தது. "மரம் வெச்சிருந்தவங்க பேரை எழுதிக்கினு போறாங்க தம்பி. மரத்துக்குக் கீழ குனிஞ்சவங்க பேரை எதுல எழுதுவாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நிலத்துக்கு நஷ்ட ஈடு கணக்குப் போட்டால் பட்டாவைத்தான் பார்ப்பார்கள். கூலிக்காரிக்குப் பட்டா ஏது? மரம் விழுந்ததில் அவருடைய வேலையும் விழுந்துவிட்டது. அது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.

கிளம்பும்போது மாமாவிடம், "என்ன வேணும் மாமா, சொல்லுங்க. பணம் அனுப்பட்டுமா?" என்றேன்.

"பணம் வேணாம். இத அறுத்து அப்புறப்படுத்த ஒரு மெஷினு, நாலு ஆளு. அப்புறம் கன்னு வெக்கறப்ப வா. இப்ப எல்லாரும் வராங்க. லாரி லாரியா வருது. அப்ப யாரும் வர மாட்டாங்க."

"கண்டிப்பா வரேன் மாமா."

சென்னைக்கு வந்தேன். பொங்கல் வந்தது. ஆபீசில் வேலை. பையனுக்குப் பரீட்சை. பேப்பரில் தானே செய்தி உள்பக்கத்துக்குப் போய், பிறகு காணாமல் போனது. ஏழு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போன் போடுவேன். "நல்லா இருக்கேன் மாப்ள" என்பார். நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஆகஸ்டில் அம்மாதான் அடித்துத் துரத்தினாள். "கொடுத்த வாக்கு என்னடா ஆச்சு?"

நண்பர்களில் மூன்று பேர் வந்தார்கள். இந்த முறை லாரி இல்லை, பஸ்தான். நிலத்தில் பாதி மரம் அப்படியே கிடந்தது. மாமா தனியாக, அறுபத்தைந்து வயதில், மண்வெட்டியோடு ஒரு வேர்க்குழியை மூடிக்கொண்டிருந்தார்.

திருவதிகைக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சூலை நோயோடு வந்த தம்பியை அக்கா திலகவதியார் ஏற்றுக்கொண்ட ஊர் அது. அந்தத் தம்பிதான் அப்பர். அவர் கையில் வேலும் இருக்காது, வாளும் இருக்காது, உழவாரம் இருக்கும். கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய கருவி. அந்தச் சிலையைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சாமி கும்பிட்டுவிட்டுப் பிரசாதத்துக்கு ஓடியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் மண்வெட்டியோடு நின்றதைப் பார்த்தபோதுதான், அந்தச் சிலை எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

இரண்டு நாள் வேலை செய்தோம். கையெல்லாம் கொப்புளம். நாங்கள் செய்ததைவிட, வாடகைக்குப் பிடித்த அறுப்பு மெஷின் செய்ததுதான் அதிகம். விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்து ரகத்தில் முந்திரி ஒட்டுக் கன்றுகள் வாங்கி வைத்தோம். மாமா ஒரு கணக்குச் சொன்னார். முந்திரி ஒட்டு மூன்றாம் வருடம் காய் காட்டும். ஏதோ வருமானம் என்று சொல்ல ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரைக்கும் நிலம் காசு கேட்குமே தவிர, கொடுக்காது. முதல் இரண்டு கோடையைக் கன்று தாண்ட வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

அங்கேதான் எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஆறு நண்பர்களும் ஆளுக்கு மாதம் ஐநூறு ரூபாய் போட்டோம். அதை மாமாவுக்குக் கொடுத்தால் வாங்க மாட்டார். அந்த அக்காவுக்கும் இன்னொரு அம்மாவுக்கும் கூலியாகக் கொடுத்தோம், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு. நிவாரணம் வாங்க வரிசையில் நின்ற அதே அக்கா, கூலியை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, "நாளைக்கு வெள்ளன வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரல் வேறாக இருந்தது.

மாமா ஒரே ஒரு வேலையை மட்டும் யாரையும் செய்யவிடவில்லை. விழுந்த பலாவின் குழியிலேயே பலாக்கொட்டையை நேராக ஊன்றினார். "ஒட்டு வெக்கலாமே மாமா, சீக்கிரம் காய்க்கும்" என்றேன். "வெதை போட்டா ஆணிவேர் தன் இஷ்டத்துக்கு எறங்கும். அடுத்த காத்துக்கு நிக்கணும்ல" என்றார். அது காய்க்கும்போது அவருக்கு என்ன வயது இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் வாரத்து உதவியைக் குறை சொல்லவில்லை. அந்த அரிசி அன்றைக்குப் பசியாற்றியது. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. தைப்பூசத்துக்குப் போய் அங்கே சாப்பிட்டு வளர்ந்தவன் நான். சோறுதான் முதல். ஆனால் அந்த அடுப்பின் பெருமை, அன்றைக்கு மூட்டினார்கள் என்பதோடு முடியவில்லை. அடுத்த நாளும் மூட்டினார்களே, அதில்தான் இருக்கிறது. நம்முடைய இரக்கம் பத்து நாள் காலண்டரில் ஓடுகிறது. மரம் பத்து வருடக் காலண்டரில் ஓடுகிறது. 2018-ல் கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகள் லட்சக்கணக்கில் விழுந்தபோதும் லாரிகள் போயின. நண்பர்களிடம் நான் ஒன்றுதான் சொன்னேன். "இப்ப பாதிப் பணம் கொடுங்க. மீதிய அடுத்த கோடைக்கு எடுத்து வைங்க."

மாமா 2019-ல் போய்ச் சேர்ந்தார். முந்திரி வருமானத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பலாவைப் பார்க்கவில்லை.

2021-ல் அந்தக் கொட்டை மரத்தின் அடியில் மூன்று காய். அதில் ஒன்றை மாமா மகன் அடுத்த கோடையில் சாக்கில் கட்டி, பஸ்ஸில் சென்னைக்குக் கொண்டு வந்தான் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் அந்த மூன்றும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிட்டன. 2023-ல்தான் பழம் வந்தது. அம்மா ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். தென்பெண்ணையும் கெடிலமும் பொங்கின. மறுநாளே மாமா மகனுக்கு போன் போட்டேன். "என்னடா வேணும்? சொல்லு, லாரி ஏற்பாடு பண்றேன்."

"வீட்டுல சேறு மட்டும்தான் மச்சான். மரம் நிக்குது. இங்க இப்ப நெறைய பேர் வராங்க."

கொஞ்சம் நிறுத்தினான்.

"நீங்க தை பொறந்ததும் வாங்க. எல்லாரும் போனப்புறம்."