கொட்டிலில் உறங்கும் பற்றறி

காலபோக அறுவடை முடிந்ததும் வன்னி உழவன் தன் உடைமைகளை ஒழுங்காக எடுத்துவைக்கின்றான். விதைநெல்லை வெயிலில் உலர்த்திச் சாக்கில் கட்டுகின்றான். உழவு இயந்திரத்தைக் கழுவிக் கொட்டிலில் விட்டு, பெட்டியைக் கழற்றி வேம்பின் கீழ் நிறுத்துகின்றான். சிறுபோகம் செய்ய இயலாத மானாவாரி நிலங்களில், அந்த இயந்திரம் புரட்டாதி வரை ஆறேழு மாதங்கள் அசையாது கிடக்கும். அதனோடு சேர்ந்து பற்றறியும் கிடக்கும். ஆனால் பற்றறி சும்மா கிடப்பதில்லை என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் ஒரு காலத்தில் எண்ணிப் பார்த்தோமல்லோம்.

பற்றறியின் அருமையை அறியாதவர்கள் அல்லோம் நாம். 1990ஆம் ஆண்டின் பின்னர் வன்னியின் பெரும்பகுதியில் மின்சாரம் இருக்கவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்றாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் தைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். எங்கள் வீட்டில் பழைய பற்றறி ஒன்று இருந்தது. அதனை ஐயா பெற்ற பிள்ளையைப் போலப் பேணினார். மழை நன்றாகக் கொட்டத் தொடங்கிய பின்னர், வெளியிலே சுத்தமான போத்தலை வைத்து நீர் பிடித்து, அதனையே பற்றறிக்கு ஊற்றுவார். கிணற்று நீரைக் கிட்டவும் கொண்டுவர விடார். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீர் பற்றறிக்கு நஞ்சு என்பது அவர் வாக்கு. மாதம் ஒரு முறை அதனைப் பார்த்து, நாட்காட்டியில் ஒரு புள்ளி இடுவார்.

2002ஆம் ஆண்டு பாதை திறந்தது. பின்னர் மீண்டும் போர் வந்தது. 2009ஆம் ஆண்டு யாவற்றையும் இழந்தோம். மீளக் குடியேறி, கடன்பட்டு உழவு இயந்திரம் ஒன்றை வாங்கினோம். மின்சாரமும் வந்தது. கடைகளில் பற்றறிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அருமை குறைந்தது; அதனோடு கவனமும் குறைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாதி மாதத்தில் முதல் மழை பெய்த மறுநாள் இயந்திரத்தை முடுக்கினோம். ‘டக்’ என்ற ஓசை மட்டுமே கேட்டது. உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மருமகனை அழைத்து, “தம்பி, இதை ஒருக்கால் சார்ச்சில் போட்டு வை” என்றோம். எப்படி, எங்கே என்று ஒரு வார்த்தை சொன்னோமல்லோம். அவன் மழைக்குப் பயந்து விதைநெல் அறைக்குள் பற்றறியை வைத்து, யன்னலைச் சாத்தி, இரவு முழுவதும் மின்னேற்றினான். காலையில் ஆளியை அணைக்காமலே கவ்வியைக் கழற்றினான். ஒரு பொறி, உடனே வெடி. பற்றறியின் மேல்மூடி சிதறி, அமிலம் அவன் முகத்தில் தெறித்தது.

தங்கையின் அலறல் இன்னும் எமது செவியில் இருக்கின்றது. அவனைக் கிணற்றடிக்கு இழுத்துச் சென்று, கண்களைத் திறந்து பிடித்து, வாளி வாளியாக நீர் வார்த்தோம்; பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். “நீர் வார்த்தபடியால் கண் தப்பியது” என்றார் வைத்தியர். கன்னத்தில் மட்டும் ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. அது எமது அசட்டையின் அடையாளம், பிள்ளையின் பிழையன்று.

நடந்தது யாது? ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் கொண்ட இப்பற்றறியைப் பிரான்சு தேசத்துப் பிளாந்தே என்பவர் 1859ஆம் ஆண்டு அமைத்தார். பயன்படுத்தாவிடினும் அது தன்னுள்ளே மெல்ல மெல்ல ஆற்றலை இழக்கும். வெப்பம் மிகுந்தால் இழப்பும் விரையும். வன்னிக் கோடையைச் சொல்லவும் வேண்டுமோ! ஆற்றல் குன்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படியும். அதன் பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் பற்றறி பழைய வலிமையைப் பெறாது. மின்னேற்றம் முற்றிய பின்னும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், நீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் எழும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஐதரசன் சேர்ந்தாலே, சிறு பொறி போதும், அது தீப்பற்ற.

ஆகவே பற்றறியைக் கொட்டிலில் வைக்குமுன் செய்ய வேண்டியவை சில உள. முதலில் அதனை முழுமையாக மின்னேற்ற வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடவேண்டும். முனைகளைத் துடைத்து வாசலின் பூசி, நிழலான, குளிர்ந்த, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். மாதம் ஒரு முறை அளவு பார்க்கவேண்டும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ற்றுப் பற்றறி ஏறத்தாழ 12.7 வோல்ற்றுக் காட்டினால் நிறைவு; 12.4க்குக் கீழ் இறங்கினால் மீண்டும் ஏற்றவேண்டும். மூடி திறக்கும் வகையாயின், தகடுகள் நீருள் மூழ்கியுள்ளனவா என்று பார்த்து, காய்ச்சி வடித்த நீரையே சேர்க்கவேண்டும்.

மின்னேற்றும் இடம் காற்றோட்டமானதாக இருக்கட்டும். விளக்கு, சுருட்டு, அடுப்பு எதுவும் அருகே வேண்டா. 70 அம்பியர்-மணிப் பற்றறிக்கு 7 அம்பியர் அளவு போதும். ஆளியை அணைத்த பின்னரே கவ்வியைத் தொடவேண்டும். கண்ணாடி அணிதல் நன்று. அமிலம் கண்ணில் பட்டால், குறைந்தது கால் மணி நேரம் நீரால் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். அப்பச்சோடா தரையில் சிந்தியதற்கே உரியது, கண்ணுக்கன்று. நிறைந்ததும் தானே 13.5 வோல்ற்று அளவுக்குத் தணியும் மின்னேற்றி கிடைக்கின்றது. கட்டுப்படுத்தியுடன் கூடிய சிறு சூரியத் தகடும் இதே பணியைச் செய்யும். வன்னியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்?

இப்பொழுது எங்கள் கொட்டிலின் கதவில் ஒரு நாட்காட்டி தொங்குகின்றது. மாதந்தோறும் வோல்ற்றுமானியுடன் சென்று, யன்னலைத் திறந்து, பற்றறியைப் பார்த்து, அதிலே புள்ளி இடுபவன் மருமகனே. ஐயா இட்ட புள்ளிகளை அவன் கண்டதில்லை. நாமே அவனுக்கு அதனைச் சொன்னோம்; சற்றுப் பிந்தித்தான் சொன்னோம்.