கந்தகமும் ஒரு கேள்வியும்

நம் கல்லூரியின் பழைய இரசாயன ஆய்வுகூடத்தை நினைக்குந்தோறும் முதலில் நினைவுக்கு வருவது அதன் நாற்றமே. கிப்பின் உபகரணத்தில் இரும்புச் சல்பைட்டின்மீது அமிலம் பட்டதும் எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு, கூழ்முட்டை மணத்தோடு விறாந்தையைக் கடந்து அயல் வகுப்புகளிலும் புகுந்துவிடும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உப்புகளைப் பகுத்தாய்ந்த அக்காலத்தை என்னோடு படித்தோர் மறந்திரார்.

பின்னாளில் அதற்கு அடுத்த அறையிலேயே பௌதிகம் கற்பிக்கும் பேறு எனக்கு வாய்த்தது. 1979 ஆம் ஆண்டில் ஒருநாள் கடத்திகளையும் காவலிகளையும் விளக்குங்கால், கந்தகம் காவலி என்றேன். பின்வாங்கிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "சேர், கந்தகத்தை மெத்த நெருக்கினால் கறண்ட் போகுமோ?" என்று கேட்டார். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். "எவ்வளவு நெருக்கினாலும் கந்தகம் கந்தகந்தான், இரும்" என்றேன். அவர் இருந்துவிட்டார். அதன்பின் அவர் என் வகுப்பில் வேறொரு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

நிற்க. மீகடத்துதிறன் 1911 இல் லைடன் நகரிற் கமர்லிங் ஒன்னசு கண்ட புதுமை. 4.2 கெல்வின் அளவிற்குக் குளிர்ந்த இரசம் மின்னுக்குத் தடையே காட்டாதொழிந்தது. 1925 இல் அதே ஆய்வுகூடத்தார் வெள்ளீயத்தை அமுக்கிப் பார்த்தபொழுது, மீகடத்தும் வெப்பநிலை சற்றே தாழ்ந்தது. அத்தகைய உலோகங்களில் இலத்திரன்களைச் சோடி சேர்ப்பது அணுக்களின் அதிர்வு; நெருக்குண்ட சாலகம் விறைத்துப்போகவே அப்பிணைப்புத் தளர்கிறது. அமுக்கம் மீகடத்தலுக்குப் பகை என்றே நானும் எண்ணியிருந்தேன்.

1986 இன் இறுதியிற் கூசுடன் நகரிற் போல் சூ குழுவினர் இலந்தனம், பேரியம், செம்பு கலந்த ஒட்சைட்டு ஒன்றை அமுக்கியபோது, அதன் மீகடத்து வெப்பநிலை 40 கெல்வினையும் கடந்து உயர்ந்தது. புறத்தே நெருக்குவதற்கு மாறாக அகத்தே நெருக்கினாலென்ன என்று, இலந்தனத்தின் இடத்திற் சிறிய அணுவாகிய இற்றியத்தை வைத்தனர். 1987 இல் 93 கெல்வினில் மீகடத்தும் பொருள் பிறந்தது. திரவ நைதரசனே அதைக் குளிர்விக்கப் போதுமானது.

ஆயினும் என்னைத் திடுக்கிடச் செய்தது, ஓய்வு பெற்றபின் 2015 இல் வந்த செய்தி. செருமனியின் மைன்சு நகரில் எரெமெற்சு குழுவினர், தலைமயிரின் பருமனளவே அகன்ற இரு வைர முனைகளுக்கிடையில் ஒரு வாயுவை அடக்கி நெருக்கினர். பரப்புச் சிறிதானால் சிறுவிசையும் பேரமுக்கமாகுமென்பது கீழ்வகுப்புப் பாடமன்றோ! அமுக்கம் பதினைந்து இலட்சம் வளிமண்டலங்களை எட்டிய நிலையில், 203 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகையில், தடை மறைந்தது. அவ்வாயு எதுவென்கிறீர்கள்? நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய அதே ஐதரசன் சல்பைட்டு! நெருக்கத்திற் சிதைந்து, ஒரு கந்தகத்துக்கு மூன்று ஐதரசனாக அது மாறிவிடுகிறது. ஐதரசன் அணு மிக இலேசானதாகையால் அதிர்வு மிக விரைவு. வெப்பநிலை உயர்வதற்கு அதுவே துணை. 2019 இல் இலந்தன ஐதரைட்டு 250 கெல்வினை எட்டியது.

அமுக்கத்தைத் தளர்த்தினால் இவையெல்லாம் மறைந்துவிடுமாதலால், இவற்றிற் கம்பியிழுக்க எவராலும் இயலவில்லை. அறை வெப்பநிலையிலேயே கண்டோமென 2020 இலும் 2023 இலும் வெளியான கட்டுரைகள் பின்னர் மீளப்பெறப்பட்டன. முன்னதற்கு இரண்டாண்டு சென்றது. பின்னதற்கு ஓராண்டுகூட ஆகவில்லை. எனக்கோ அதனினும் மிகக் கூடிய காலம் பிடித்திருக்கிறது.

ஏனெனில், அச்செய்தியைத் தொடர்ந்து பழைய இதழ்களைத் துருவியபொழுது, 1997 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று அகப்பட்டது. வாசிங்டன் கார்ணகி நிறுவனத்து ஆய்வாளர் தனிக் கந்தகத்தையே நெருக்கி, 10 கெல்வினில் மீகடத்தக் கண்டிருந்தனர்.

அம்மாணவர் இப்போது எந்நாட்டில் இருக்கிறாரோ அறியேன். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின்: தம்பி, போகும். ஒன்பது இலட்சம் வளிமண்டலங்கள் வரை நெருக்கவேண்டும், அவ்வளவே.